ஒரே பொத்தானில் மொத்த ஆர்கேட் கேபினெட்டும்: ஸ்மார்ட் பவர் ஸ்ட்ரிப் வாங்குவதா, கட்டுவதா?

கேபினெட்டின் பின்கதவைத் திறந்தால் குறைந்தது நாலு பிளக் தொங்கும்: கம்ப்யூட்டர், மானிட்டர், ஆம்ப்ளிஃபயர், நெற்றியில் எரியும் மார்கீ (ஆட்டத்தின் பெயர்ப்பலகை) விளக்கு. முன்னால் நின்று ஆடுபவரின் கைக்கு எட்டுவதோ ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் நாலும் எரிய வேண்டும். கம்ப்யூட்டர் ஷட் டவுன் ஆனதும் நாலும் அணைய வேண்டும்.

சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதாதா என்றால், போடுவதற்குப் போதும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் அமைப்பு பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) இருக்கும். அதைப் 'பவர் ஆன்' என்று வைத்துவிட்டால், பாக்ஸின் சுவிட்சைத் தட்டியதும் கம்ப்யூட்டர் தானே எழுந்துவிடும். சிக்கல் அணைப்பதில்தான். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் கரண்டைப் பிடுங்கினால், அந்த நேரத்தில் ஸ்கோர் ஃபைலோ சேவ் ஃபைலோ எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் அது பாதியில் நிற்கும். எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவுச் சின்ன கம்ப்யூட்டர்) என்றால் ஒருநாள் பூட் ஆகாமலே போகும்.

ஆகவே கடையில் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது என்பது இதற்கு எப்படித் தெரியும்? சில பெட்டிகள் கம்ப்யூட்டர் இழுக்கும் கரண்டைப் பார்த்து ஊகிக்கின்றன. சிலவற்றுக்குக் கம்ப்யூட்டரே ஒரு ஒயர் வழியாகச் சொல்கிறது. வேறு சில வைஃபையில் வரும் கட்டளைக்குக் காத்திருக்கின்றன. ஊகிக்கிற பெட்டியைவிட ஒயரில் சொல்லிக் கேட்கிற பெட்டி மேல் என்பதே எங்கள் கணிப்பு. ஏன் என்பதைப் பார்ப்பதற்கு முன் ஒரு முன்வேலை இருக்கிறது.

முதலில் பிளக்கைக் குறையுங்கள்

நாலு பிளக்கில் இரண்டு தேவையே இல்லாமல் இருக்கலாம். டெஸ்க்டாப் பவர் சப்ளையிலிருந்து வரும் நாலு முனை மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் உள்ள இரண்டு கறுப்பும் கிரவுண்ட். கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும் அதில் 12 வோல்ட் இருக்கும். ஷட் டவுன் ஆனதும் போய்விடும். மார்கீக்குப் பின்னால் டியூப் லைட்டுக்குப் பதில் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்டி, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையில் கொடுத்தால் மார்கீயின் பிளக் கணக்கிலிருந்தே போய்விடுகிறது. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 3528 வகை ஸ்ட்ரிப் மீட்டருக்கு 4.8 வாட்தான் எடுக்கும். அதே எண்ணிக்கையில் 5050 வகை 14.4 வாட். மார்கீக்கு 60 செ.மீ. போதும் என்பதால் எதைப் போட்டாலும் 9 வாட்டைத் தாண்டாது. மஞ்சள் ஒயரில் 2 ஆம்பியர் இன்லைன் ஃபியூஸ் ஒன்றை மறக்காமல் போடுங்கள். அந்த பவர் சப்ளை 12 வோல்ட்டில் 20, 30 ஆம்பியர் கொடுக்கக்கூடியது. மெல்லிய எல்இடி ஒயரில் ஷார்ட் ஆனால் ஒயர்தான் முதலில் உருகும்.

12 வோல்ட்டில் ஓடும் சின்ன கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் போர்டையும் இப்படியே கொடுக்கலாம். ஆனால் இங்கே ஒரு தொல்லை வரும். கம்ப்யூட்டரின் அதே சப்ளையில் ஆம்ப் ஓடினால், திரையில் படம் நகரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ஙீ' என்று ஒரு மெல்லிய சத்தம் ஏறி இறங்கும். ஆடியோ ஒயரின் கிரவுண்டும் சப்ளையின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுவதுதான் காரணம். ஆடியோ ஒயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் எனப்படும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவைப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஆம்புக்குத் தனி அடாப்டர்தான். அது மறுபடி ஒரு பிளக்.

மானிட்டரைச் சோதித்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். படம் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கி, பத்து வினாடி கழித்துத் திரும்பச் செருகுங்கள். படம் தானாக வந்தால் அதை எந்தப் பவர் ஸ்ட்ரிப்பிலும் போடலாம். ஸ்டாண்ட்பை விளக்கு மட்டும் எரிந்தபடி ரிமோட்டுக்காகக் காத்திருந்தால் எந்த ஸ்மார்ட் ஸ்ட்ரிப்பும் உதவாது. பல டிவிகள் இந்த வகை. சிலவற்றின் மெனுவில் 'பவர் வந்ததும் ஆன் ஆகு' என்ற அமைப்பு இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லையென்றால், எச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவிக்குக் கட்டளை அனுப்பும் எச்டிஎம்ஐ-சிஇசி வழியாக எழுப்ப வேண்டும். ராஸ்பெர்ரி பைக்கு அது வரும். சாதாரண பிசி கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குப் பொதுவாக வராது. சாதா எல்சிடி மானிட்டரோ சிக்னல் போனதும் தானே தூங்கிவிடும். மார்கீயும் ஆம்பும் மோலெக்ஸுக்கு மாறி, மானிட்டர் ஒழுங்காகத் தூங்கி எழுகிறது என்றால், உங்களுக்கு ஸ்மார்ட் ஸ்ட்ரிப்பே வேண்டாம். கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

சிஆர்டி, அதாவது பழைய படக்குழாய் மானிட்டர், வைத்திருப்பவர்கள் மூட முடியாது. ஆர்கேட் சிஆர்டிகள் பொதுவாகச் சிக்னல் போனால் தூங்குவதில்லை. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டேயிருக்கும். அதன் கரண்டை வெட்டியே ஆக வேண்டும். கூடவே பழைய சேசிஸ்கள் (மானிட்டரை ஓட்டும் சர்க்யூட் போர்டுகள்) சிலவற்றுக்கு, மெயின்ஸிலிருந்து, அதாவது சுவர்க் கரண்டிலிருந்து, பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அந்த சேசிஸின் கிரவுண்ட் நேரடியாக மெயின்ஸோடு தொடர்பில் இருப்பதால், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எர்த் உள்ள கம்ப்யூட்டரோடு இணைத்தால் ஃபியூஸ் போகும், இல்லை சேசிஸே போகும். ரிலே (சின்ன வோல்ட்டேஜ் கொடுத்தால் மெயின்ஸைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், பின்னால் வருகிறது) எந்த இடத்தில் வந்தாலும் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம் வரட்டும். அப்போதுதான் அணைத்த பிறகு டிரான்ஸ்ஃபார்மரும் சும்மா சூடாகிக்கொண்டிருக்காது.

ஊகிக்கும் பெட்டி: மாஸ்டர் சாக்கெட் உள்ள ஸ்ட்ரிப்

கடையில் 'ஸ்மார்ட்' என்றோ 'எனர்ஜி சேவிங்' என்றோ விற்பதில் பெரும்பாலானவை இந்த ரகம். ஒரு சாக்கெட் மாஸ்டர், அதில் கம்ப்யூட்டர். அது இழுக்கும் கரண்ட் ஒரு எல்லையைத் தாண்டினால் மற்ற சாக்கெட்டுகளுக்குக் கரண்ட் போகும். எல்லைக்குக் கீழே வந்தால் நிற்கும். ஒயர் வேலை எதுவும் கிடையாது, பிளக்கைச் செருகினால் முடிந்தது. அதுதான் இதன் கவர்ச்சி.

வாங்குவதற்கு முன் பிளக்கில் செருகும் வாட் மீட்டரால் மூன்று எண்களை எடுங்கள்: ஷட் டவுன் ஆன பிறகு, மெனுவில் சும்மா நிற்கும்போது, ஆட்டம் ஓடும்போது. சாதாரண டெஸ்க்டாப் என்றால் 2, 45, 90 என்பதுபோல் வரும். அணைந்ததற்கும் சும்மா நிற்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தால் பெட்டி குழம்பாது. மினி பிசி என்றால் 1, 7, 18 என்று வரலாம். எல்லை 20 வாட்டில் நிலையாக வைக்கப்பட்ட ஸ்ட்ரிப்பில் இதைப் போட்டால் ஒன்றுமே எரியாது. எல்லை 10 வாட் என்றால் இன்னும் மோசம். ஆட்டம் ஓடும்போது எல்லாம் எரியும். ஆடியவர் நகர்ந்து மெனுவுக்குத் திரும்பியதும் மானிட்டரும் மார்கீயும் 'டக்' என்று அணையும். இரண்டு நிமிடம் கழித்து டெமோ ஓடத் தொடங்கியதும் மறுபடி எரியும். பேய் பிடித்த கேபினெட் என்று சொல்லப்படும் பலவற்றுக்கும் இதுதான் காரணம்.

எல்லையைத் திருகி மாற்றும் குமிழ் உள்ள மாடலாகப் பாருங்கள். அணைந்த நிலையின் வாட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும், சும்மா நிற்கும் வாட்டில் பாதிக்குக் கீழுமாக எல்லை உட்கார இடமிருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் ஒரு சின்னத் தந்திரம்: மார்கீ எல்இடியைக் கம்ப்யூட்டரின் 12 வோல்ட்டுக்கு மாற்றினால், கம்ப்யூட்டர் சும்மா நிற்கும்போது இழுப்பது அந்த அளவுக்குக் கூடும், அணைந்த நிலையில் கூடாது. இடைவெளி விரியும்.

வாட் மீட்டர் காட்டாத சங்கதி ஒன்றும் இருக்கிறது. மலிவான ஸ்ட்ரிப்புகள் உண்மையான வாட்டை அளப்பதில்லை. கரண்டை மட்டும் பார்க்கின்றன. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிகட்ட மெயின்ஸுக்குக் குறுக்கே கெபாசிட்டர்கள் இருக்கும். மொத்தம் 1 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 72 மில்லி ஆம்பியர் இழுக்கும், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும்தான். வாட் கணக்கில் அது சுழியம். கரண்டை மட்டும் பார்க்கும் பெட்டிக்கோ ஏறத்தாழ 17 வாட் ஓடுவதுபோலத் தெரியும். கம்ப்யூட்டர் அணைந்தும் மானிட்டர் அணையவில்லை என்ற புகாரின் வேர் பல நேரம் இங்கேதான். பவர் சப்ளையை மாற்றினால் சரியாகும் அல்லது எல்லையை உயர்த்தினால் சரியாகும். ஸ்ட்ரிப்பைத் திட்டிப் பயனில்லை.

சிஆர்டியும் பெரிய ஆம்பும் முழு டெஸ்க்டாப்பும் உள்ள, மெயின்ஸ் ஒயரைத் தொட விரும்பாதவர்களுக்கு இந்த ஸ்ட்ரிப் நல்ல தேர்வு. மினி பிசிக்குச் சூதாட்டம். ராஸ்பெர்ரி பைக்கு வேண்டவே வேண்டாம். அது முழு வேகத்தில் ஓடும்போதே பல ஸ்ட்ரிப்புகளின் எல்லையை எட்டாது.

சொல்லிக் கேட்கும் பெட்டி: 12 வோல்ட் ரிலே

மோலெக்ஸின் 12 வோல்ட் இருந்தால் கம்ப்யூட்டர் ஓடுகிறது, இல்லையென்றால் ஓடவில்லை. ஊகத்துக்கு இடமே இல்லை. ரீஸ்டார்ட் செய்யும்போதுகூட 12 வோல்ட் பொதுவாகப் போகாது என்பதால் மானிட்டர் அணைந்து எரியாது. ஸ்லீப்பில் போனால் 12 வோல்ட் போகும். கூடவே எல்லாம் அணையும். இதைத்தானே கேட்டோம்!

கட்டத் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. டிஜிட்டல் லாகர்ஸ் நிறுவனத்தின் 'ஐஓடி ரிலே' என்ற பெட்டி, 120 வோல்ட் நாடுகளின் சாக்கெட்டோடு தயாராக வருகிறது. நாலு சாக்கெட்: ஒன்று எப்போதும் ஆன், ஒன்று வழக்கமாக ஆன், இரண்டு வழக்கமாக ஆஃப். பக்கத்தில் உள்ள பச்சை முனையத்தில் 3 முதல் 48 வோல்ட் வரை டிசி கொடுத்தால் ஆஃபில் இருந்த இரண்டும் ஆன் ஆகும். கம்ப்யூட்டரை 'எப்போதும் ஆன்' சாக்கெட்டில் செருகி, மோலெக்ஸிலிருந்து இரண்டு ஒயர் இழுத்தால் வேலை முடிந்தது. அந்தச் சாக்கெட் பொருந்தும் இடத்தில் இருப்பவர்கள் சொந்தமாகக் கட்ட மெனக்கெட வேண்டாம் என்பதே நேர்மையான பதில்.

யூஎஸ்பி பிளக்கால் இயங்கும் ஸ்ட்ரிப்புகளும் விற்கின்றன. கருத்து அதேதான், 12 வோல்ட்டுக்குப் பதில் யூஎஸ்பியின் 5 வோல்ட். ஆனால் பல மதர்போர்டுகளில் ஷட் டவுன் ஆன பிறகும் யூஎஸ்பியில் 5 வோல்ட் நிற்கும். போன் சார்ஜ் ஆகட்டும், கீபோர்டால் எழுப்ப முடியட்டும் என்பதற்காக. அப்படி நின்றால் ஸ்ட்ரிப் அணையவே அணையாது. பயாஸில் 'ஈஆர்பி' என்ற மின்சேமிப்பு அமைப்பை ஆன் செய்தால் பெரும்பாலும் அந்த 5 வோல்ட் போய்விடும். மல்டிமீட்டரோ ஒரு யூஎஸ்பி விளக்கோ போதும்: கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒவ்வொரு போர்ட்டாகப் பாருங்கள். சில நேரம் பின்பக்கம் எல்லாம் உயிரோடிருக்கும், ஒரே ஒரு போர்ட் செத்துப்போயிருக்கும். நமக்கு வேண்டியது அந்தச் செத்த போர்ட்தான். மினி பிசியில் மோலெக்ஸ் கிடையாது என்பதால் அவர்களுக்கு இந்தத் தேடல் தப்பாது.

கட்டுவதென்றால்

மெயின்ஸ் ஒயரைப் பிரித்து மூடிப் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, பழக்கமுள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வேண்டியவை: மூடியை ஸ்குரூவால் இறுக்கும், தீப்பற்றாத ரகப் பிளாஸ்டிக் பெட்டி, ஃபியூஸும் சுவிட்சும் சேர்ந்த ஐஇசி சி14 இன்லெட் (கம்ப்யூட்டர் பவர் கேபிள் செருகும் மூன்று முனை வாய்), 12 வோல்ட் டிசி காயில் உள்ள இரட்டைப் போல் ரிலே, ஓம்ரான் எல்ஒய்2 போன்ற 8 முனை வகை, அதற்கான ஸ்குரூ சாக்கெட்டோடு, ஒரு 1என்4007 டயோடு, நாலு சாக்கெட், 1.5 சதுர மி.மீ. ஒயர், ஒரு மோலெக்ஸ் எக்ஸ்டென்ஷன் கேபிள்.

ரிலேயில் கஞ்சத்தனம் கூடாது. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் நீலநிறக் குட்டி ரிலே மாட்யூலின் தலையில் '10 ஆம்பியர், 250 வோல்ட்' என்று எழுதியிருக்கும். ரிலேக்கு அது சரி. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் போர்டில் மெயின்ஸ் ஓடும் தடத்துக்கும் 5 வோல்ட் தடத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய 6 முதல் 8 மி.மீ. இடைவெளி பல மாட்யூல்களில் இருக்காது. மூன்று வருடத் தூசி அந்த இடுக்கில் படிந்தால் மெயின்ஸ் உங்கள் கம்ப்யூட்டரின் கிரவுண்டுக்கு வழி தேடும். சாக்கெட்டில் செருகும் தொழிற்சாலை ரிலேக்கு விலை கூடுதல்தான். ஆனால் கெட்டால் ஸ்குரூடிரைவரே இல்லாமல் பிடுங்கி மாற்றலாம்.

இன்னொரு விஷயம், ரிலே மூடும் கணத்தில் பாயும் கரண்ட். மானிட்டரும் அடாப்டரும் ஓடும்போது ஒரு ஆம்பியர்கூட எடுக்காமல் இருக்கலாம். ஆனால் உள்ளே காலியாக இருக்கும் கெபாசிட்டர்கள் நிரம்பும் முதல் சில மில்லி வினாடிகளில் அதைப்போல் பல பத்து மடங்கு பாயும். சிஆர்டி என்றால் டீகாஸ் காயிலும் (திரையில் படிந்த காந்தத்தை நீக்கும் சுருள்) சேர்ந்துகொள்ளும். அந்தப் பொறியில் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றவைத்ததுபோல் ஆகிவிடும். அறிகுறி எளிது: கம்ப்யூட்டர் அணைந்தும் மானிட்டர் எரியும், ரிலேயை விரலால் சுண்டினால் விடுபடும். சுண்டி விடுபட்ட ரிலேயைத் திரும்பப் போடாதீர்கள், அது மறுபடி ஒட்டும். சிஆர்டியோடு இரண்டு மூன்று அடாப்டர் சேர்ந்தால் 'டிவி-5' அல்லது 'டிவி-8' என்று குறியிட்ட ரிலேயைத் தேடுங்கள். டிவி-5 என்பது 78 ஆம்பியர் உச்சப் பாய்ச்சலையும், டிவி-8 என்பது 117 ஆம்பியரையும் தாங்கும் என்று சோதிக்கப்பட்ட தரம்.

ஒயரிங் இப்படி. இன்லெட்டின் ஃபேஸ் ஃபியூஸையும் சுவிட்சையும் கடந்து இரண்டாகப் பிரியட்டும். ஒரு கிளை நேராகக் கம்ப்யூட்டர் சாக்கெட்டுக்கு. மறுகிளை ரிலேயின் ஒரு காமன் முனைக்கு. நியூட்ரலும் அப்படியே பிரிந்து ஒன்று கம்ப்யூட்டருக்கும் மற்றது ரிலேயின் அடுத்த காமனுக்கும். காயிலில் கரண்ட் வந்தால் மட்டும் காமனோடு இணையும் இரண்டு நார்மலி ஓப்பன் முனைகளிலிருந்து மற்ற மூன்று சாக்கெட்டுகளுக்கு. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவதால், பிளக் தலைகீழாகச் செருகப்பட்டாலும் அணைந்த சாக்கெட் உண்மையிலேயே அணைந்திருக்கும். எர்த் எந்த ரிலேயையும் சுவிட்சையும் தொடாமல் நாலு சாக்கெட்டுக்கும் நேராகப் போகட்டும். அங்கிருந்து ஒரு கிளை உலோகக் கண்ட்ரோல் பேனல், காயின் டோர், மானிட்டர் ஃபிரேம் மூன்றுக்கும். ஆடுபவரின் கை எப்போதும் படும் இடங்கள் இவை.

கம்ப்யூட்டரைத் தவறிப்போய் ரிலேயின் பக்கம் செருகிவிட்டால் அது எழவே எழாது: எழ ரிலே மூட வேண்டும், ரிலே மூட அது எழுந்திருக்க வேண்டும். சிரிப்பாக இருக்கலாம், அடிக்கடி நடப்பதுதான். கம்ப்யூட்டர் சாக்கெட்டை வேறு நிறத்தில் போடுங்கள்.

மோலெக்ஸின் மஞ்சளும் கறுப்பும் காயிலின் இரண்டு முனைக்கு. காயில் எடுப்பது 75 மில்லி ஆம்பியர்தான். டயோடைக் காயிலுக்குக் குறுக்கே, வெள்ளிக்கோடு உள்ள பக்கம் மஞ்சளைப் பார்த்தபடி இணைக்க வேண்டும். காயில் விடும்போது எழும் எதிர்வோல்ட்டேஜைப் பவர் சப்ளைக்குப் போகவிடாமல் அது விழுங்கிக்கொள்ளும். திருப்பிப் போட்டால் 12 வோல்ட் ஷார்ட். கம்ப்யூட்டர் ஒரு கணம் விழித்து உடனே அணையும். சில ரிலேகளில் டயோடு உள்ளேயே இருக்கும். அவற்றில் காயிலுக்கும் பிளஸ், மைனஸ் உண்டு, பக்கவாட்டுப் படத்தைப் பாருங்கள். இந்த மெல்லிய ஒயர்கள் மெயின்ஸ் ஒயரோடு பின்னிக்கொள்ளாமல் பெட்டியின் எதிர்ப்பக்கமாக நுழையட்டும்.

ஸ்குரூவுக்கு அடியில் போகும் ஒயர்முனைக்கு ஈயம் வைக்காதீர்கள். நேர்த்தியாகத் தெரியும், ஆனால் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி ஒதுங்கும். ஆறு மாதத்தில் ஸ்குரூ தளர்ந்து அந்த முனை சூடாகும். ஒயர்முனையில் நசுக்கிப் பொருத்தும் (கிரிம்ப்) குட்டிக் குழலான ஃபெருல் போடுங்கள். இன்லெட்டின் தகட்டு முனைகள் 4.8 மி.மீ.யா 6.3 மி.மீ.யா என்று அளந்த பிறகு அதற்கேற்ற ஸ்பேட் (தகட்டில் செருகும் கனெக்டர்) வாங்குங்கள். அளவு மாறிய ஸ்பேட் கழன்று விழக் காத்திருக்கும்.

ஃபியூஸ் கணக்கு: எல்லாம் சேர்ந்து 250 வாட் என்றால் 230 வோல்ட்டில் 1.1 ஆம்பியர், 120 வோல்ட்டில் 2.1 ஆம்பியர். 'டி' என்று குறியிட்ட மெதுவாக எரியும் வகையில் முறையே 3.15, 5 ஆம்பியர் போட்டால் போதும். வேகமாக எரியும் 'எஃப்' வகை முதல் பாய்ச்சலிலேயே போய்விடும். போனதென்று 10 ஆம்பியர் போட்டுச் சமாளித்தால் ஃபியூஸ் இருந்தும் இல்லாததுபோல.

சாலிட் ஸ்டேட் ரிலே எப்படி?

நகரும் முனை எதுவும் இல்லாமல் எலக்ட்ரானிக்ஸாலேயே போட்டு அணைக்கும் ரிலே இது. 'டக்' சத்தம் இல்லை, முனை ஒட்டாது, 3 முதல் 32 வோல்ட் டிசி எதைக் கொடுத்தாலும் வேலை செய்யும். கேட்க இனிக்கிறது. மறுபக்கம்: ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும், அதனால் மூடிய பெட்டியில் ஹீட் சிங்க் வேண்டும். ஆஃபில் இருக்கும்போதும் ஓரிரு மில்லி ஆம்பியர் கசியும். எல்இடி மார்கீயின் அடாப்டர் அந்தக் கசிவைச் சேர்த்து வைத்து, இருட்டறையில் சில வினாடிக்கொரு முறை கண் சிமிட்டும். எல்லாவற்றுக்கும் மேல், கெட்டுப்போனால் இது பெரும்பாலும் ஆனிலேயே நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஓரிரு முறை மட்டும் போட்டு அணைக்கும் கேபினெட்டுக்குச் சாதா ரிலேயே சரி.

ராஸ்பெர்ரி பை தனிக்கதை

பையில் 12 வோல்ட் இல்லை; ஷட் டவுன் ஆன பிறகும் 5 வோல்ட் பின்னில் 5 வோல்ட் அப்படியே நிற்கும். ஆகவே ஒரு ஜிபிஐஓ பின் (மென்பொருளால் ஆன், ஆஃப் செய்யக்கூடிய முனை) வழியாகத்தான் சொல்ல வைக்க வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் 'ஜிபிஐஓ-பவர்ஆஃப்' ஓவர்லே (கூடுதல் அமைப்பு வரி) சேர்த்தால் அணையும்போது ஒரு பின்னின் நிலை மாறும். ஆனால் இதைப் போட்டால் ஜிபிஐஓ 3-ஐ கிரவுண்டோடு தொட்டுப் பையை எழுப்பும் வசதி போய்விடும். அதாவது அணைக்கும் பொத்தான் கிடைக்கும், போடும் பொத்தான் போகும். அதனால் நாங்கள் சொல்வது சீரியல் போர்ட்டின் டிஎக்ஸ் பின், அதாவது ஜிபிஐஓ 14. கான்ஃபிக்கில் யூஆர்ட்டை, அதாவது அந்தச் சீரியல் போர்ட்டை, இயக்கிவிட்டால் பை ஓடும்வரை அதில் 3.3 வோல்ட் நிற்கும், அணைந்ததும் விழும். 'ஜிபிஐஓ-ஷட்டவுன்' ஓவர்லேயும் ஜிபிஐஓ 3-இல் ஒரு பொத்தானும் சேர்த்தால் ஒரே பொத்தான் போடவும் அணைக்கவும் ஆகும்.

சீரியல் கன்சோலை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் செய்திகள் அந்தப் பின் வழியே ஓடும்போது ரிலே கிளிபோலக் கொத்தும். பின்னிலிருந்து நேராகக் காயிலை ஓட்ட முடியாது. அதன் உச்சம் சுமார் 16 மில்லி ஆம்பியர். நடுவே பிசி337 டிரான்சிஸ்டர், பேஸில் 1 கிலோ ஓம். 2என்7000 மாஸ்ஃபெட் 3.3 வோல்ட்டில் அரைகுறையாகவே திறக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ரீஸ்டார்ட்டில் இந்தப் பின் ஒரு கணம் விழும் என்பதால் மானிட்டர் ஒருமுறை அணைந்து எரியும், அது பழுதல்ல.

வைஃபை பிளக்

பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். கேபினெட்டுக்கு இது சரியான விடை ஆவது அரிது. வைஃபை பிளக் தன்னளவில் ஊகிப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. யாராவது ஆப்பில் தட்ட வேண்டும். தட்டினால் ஓடும் கம்ப்யூட்டரின் கரண்ட் அப்படியே போகும், முதலில் சொன்ன பழைய சிக்கல். வாட் அளக்கும் மாடலை டாஸ்மோட்டா, ஹோம் அசிஸ்டன்ட் போன்ற வீட்டுத் தானியங்கி மென்பொருளில் சேர்த்து ஒழுங்காகச் செய்யலாம். வரிசை முக்கியம்: முதலில் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வழியாக ஷட் டவுன் கட்டளை, வாட் 5-க்குக் கீழே வந்து 30 வினாடி அங்கேயே நிற்கிறதா என்று காத்திருப்பு, பிறகுதான் பிளக் அணைப்பு. அந்த 30 வினாடியை விட்டால், ரீஸ்டார்ட்டின் நடுவே வாட் ஒரு கணம் விழும்போது பிளக் வெட்டிவிடும். கரண்ட் போய் வந்தால் பிளக் எந்த நிலையில் எழ வேண்டும் என்பதையும் 'பவர் ஆன் ஸ்டேட்' அமைப்பில் ஆஃப் என்று வையுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் கரண்ட் திரும்பும்போது கேபினெட் முழு வால்யூமில் பாடத் தொடங்கும். பிளக்கே எப்போதும் ஒரு வாட் தின்னும் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 8.8 யூனிட். எல்சிடியும் மினி பிசியும் மட்டும் உள்ள கேபினெட்டில் அவை தூங்கும்போது எடுப்பதும் அந்த அளவுதான், மிச்சம் ஒன்றுமில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன்

மெயின்ஸ் கொடுக்காமல், மோலெக்ஸில் மட்டும் 12 வோல்ட் கொடுத்து 'டக்' கேட்கிறதா பாருங்கள். அதை எடுத்துவிட்டு மல்டிமீட்டரால் இன்லெட்டின் எர்த் முனையிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த்துக்கும், காயின் டோருக்கும் அளங்கள். ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும். காயின் டோரில் பெயின்ட் மேல் ஸ்குரூ இறுக்கியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும், சுரண்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், மெயின்ஸ் முனைகளுக்கும் காயில் முனைகளுக்கும் இடையிலும் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. முதல் முறை மெயின்ஸ் கொடுக்கும்போது ரிலே பக்கச் சாக்கெட்டில் மானிட்டருக்குப் பதில் ஒரு டேபிள் லேம்ப்.

பவர் பொத்தானை மதர்போர்டின் முன்பேனல் முனையில் சாதா ஆர்கேட் பொத்தானாகவே இணைக்கலாம், அதன் மைக்ரோசுவிட்ச் போதும். கண்ட்ரோல் பேனலின் மேலே வேண்டாம். நாலு வினாடி அழுத்திப் பிடித்தால் ஷட் டவுன் இல்லாமல் வெட்டிவிடும், குழந்தைகள் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். பேனலுக்கு அடியில், முழங்கால் படாத ஓரமாக வையுங்கள்.

எல்லாம் ஏற்றி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்குரூ முனையையும் விரலால் தொடுங்கள். ரிலேயின் உடல் இளஞ்சூடாக இருக்கும், காயில் ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவாக எடுப்பதால். ஸ்குரூ முனை எதுவும் சூடாக இருக்கக் கூடாது. இருந்தால் அது தளர்ந்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை எல்லா ஸ்குரூவையும் கால் திருகு இறுக்கிப் பாருங்கள். புது ஒயர் அதற்குள் படிந்து கொஞ்சம் இடம் விட்டிருக்கும்.